ஜெபக்குறிப்பு சொன்னேன், ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது

கேள்வி:

எனக்கு 51 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். என் மகனுக்கு 26 வயது. மூன்று வருடமாகக் குடிக்கிறான். இப்போதெல்லாம் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறான். வீட்டுக்காரரிடம் பேசினால் சண்டையில் முடியும். மனசு தாங்காமல் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அன்று ராத்திரியே சபை வாட்ஸ்அப் குழுவில் மகன் பெயரோடு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர், “சின்ன வயசுலேயே கண்டிச்சு வளர்த்திருக்கணும்” என்றார். இன்னொருவர், “உங்க வீட்டுல குடும்ப ஜெபம் உண்டா?” என்று கேட்டார். அப்புறம் மகனுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றுபோனது.

எட்டு மாதமாகச் சபைக்குப் போகவில்லை. யூடியூபில் ஆராதனை பார்க்கிறேன். சபைப் போதகரான ஐயர் ஒருமுறை வந்து எபிரெயர் 10:25ஐ வாசித்து ஜெபித்துவிட்டுப் போனார். அடுத்த தெருவில் உள்ள வயதான அக்கா ஒருவர் மட்டும் ஒரு தூக்கில் மீன்குழம்பு கொண்டுவந்தார். எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அந்தத் தூக்கைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது. சபைக்குப் போகாமல் இருப்பது பாவமா? ஐக்கியம், ஐக்கியம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் உங்கள் தவறு என்று ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எட்டு மாதமாக உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்று தெரிகிறது. பாரம் தாங்காமல் உடன் விசுவாசிகளிடம் போய்ச் சொன்னீர்கள். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று கலாத்தியர் நிருபத்தில் நாம் மனப்பாடம் பண்ணியிருக்கிறோமே, அந்த வசனத்தை நம்பித்தான் வாயைத் திறந்தீர்கள். நம்பிச் சொன்ன ஒன்றை வெளியே விட்டது மற்றவர்களின் தவறு. அதைத் தவறு என்றே சொல்ல வேண்டும். ‘அக்கறையில்தான் சொன்னார்கள்’ என்று நான் மழுப்பப் போவதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் ஆயராக இருந்திருக்கிறேன், இப்போது குடும்ப ஆற்றுப்படுத்துநராக வேலை செய்கிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனவர் போனை எடுக்கிறார். ‘இன்னாருடைய மகன் குடிக்கு அடிமையாகிவிட்டான், தயவுசெய்து பாரத்தோடு ஜெபிக்கவும்’ என்று எழுதி, கூப்பிய கைகளை நாலு தடவை போட்டு அனுப்புகிறார். அனுப்பியவருக்கு ஜெபம் பண்ணிவிட்ட திருப்தி. பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் ‘ஆமென்’ போடுகிறார்கள். அந்த நாற்பது பேரில் உங்கள் மகன் பெயரைச் சொல்லி உண்மையாகவே முழங்கால் போட்டவர் எத்தனை பேரோ, கர்த்தருக்குத்தான் தெரியும். சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போனது மட்டும் நிச்சயம்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஆயராகி நாலைந்து வருடம் இருக்கும். ஒரு வாலிபன் என்னிடம் தனியாக வந்து தன் வீட்டுக் கடன் பிரச்சினையைச் சொன்னான். அந்த ஞாயிறு பொது ஜெபத்தில், அவன் அப்பா பெயரைச் சொல்லி, ‘கடன்பாரத்திலிருந்து விடுதலை தாரும்’ என்று ஜெபித்தேன். அன்பாகச் செய்ததாகவே நினைத்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கைகூப்பிக்கொண்டு போகையில் அவன் மட்டும் பக்கவாட்டு வாசல் வழியாகப் போனான். அதன்பிறகு அவன் அந்தச் சபைக்கு வரவில்லை. பிற்பாடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தான். ஆனால் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து யாருடைய பெயரையும் அவர்களிடம் கேட்காமல் நான் சத்தமாகச் சொல்லி ஜெபிப்பதில்லை. கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

சரி, ஐயர் வாசித்த வசனத்துக்கு வருகிறேன். ‘சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல், ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்.’ இந்த வசனத்தை நம் சபைகளில் பெரும்பாலும் வராதவர்களை வரவைக்கும் பிரம்பாகத்தான் பயன்படுத்துகிறோம். அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ‘அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து’ என்றுதான் வாக்கியமே தொடங்குகிறது. கவனித்தல் முதலில் வருகிறது, கூடிவருதல் அதற்குப் பின்னால் வருகிறது. இதைக் கேட்டவர்கள் யார்? அதே அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது, நிந்தைகளாலும் உபத்திரவங்களாலும் வேடிக்கையாக்கப்பட்டவர்கள், ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்கள். இரண்டு அதிகாரம் தள்ளி, நெகிழ்ந்த கைகள், தளர்ந்த முழங்கால்கள் என்று அவர்களைப் பற்றி வருகிறது. ஊரார் முன்னால் வேடிக்கையாகிப்போய்க் களைத்துப்போனவர்களுக்கு, ‘ஒருவரை ஒருவர் விட்டுவிடாதீர்கள்’ என்று எழுதிய வார்த்தை அது. உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது, உங்களுக்கு எதிராக அல்ல.

அப்புறம் அந்தப் ‘புத்திசொல்ல’ என்ற சொல். இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் நடக்கிற பாதிக் காயம் இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருகிறது என்பது என் எண்ணம். நம் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் 1871இல் பவர் ஐயர் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பைத் தழுவியது. இன்றைக்கு நம் காதில் ‘புத்தி சொல்வது’ என்றால் என்ன? பெரியவர் சின்னவரை உட்காரவைத்து, ‘இப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்று சொல்வது. வாசலில் செருப்பு மாட்டும்போது உங்களுக்குக் கிடைத்தது அதுதான். ஆனால் மூலத்தில் கிரேக்கச் சொல் ‘பாரகலேயோ’. பக்கத்தில் வரக் கூப்பிடுவது என்பது அதன் வேர். ‘ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று தெசலோனிக்கேயர் நிருபத்தில் வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். பர்னபாவுக்கு ‘ஆறுதலின் மகன்’ என்று அப்போஸ்தலர் பெயர் வைத்தார்களே, அந்த ஆறுதலும் இதே சொல்லில் பிறந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, யோவான் 14இல் இயேசு பரிசுத்த ஆவியானவரைத் ‘தேற்றரவாளன்’ என்கிறார், ‘என்றென்றைக்கும் உங்களுடனேகூட இருக்கும்படிக்கு’ என்கிறார். அதுவும் இதே சொல்லின் உறவுதான். தமிழில் மூன்று நான்கு சொற்களாகப் பிரிந்துபோனதால், புத்தி சொல்வது ஒரு வேலை, தேற்றுவது வேறொரு வேலை என்று நினைத்துவிட்டோம். புதிய பொது மொழிபெயர்ப்பில் எபிரெயர் வசனத்தை ‘ஊக்கமூட்டுவோமாக’ என்றே போட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் குறை சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் செய்ததைவிட நல்ல காரியம் அந்தப் புத்தகத்தில் வேறு எந்த மனுஷரும் யோபுவுக்குச் செய்யவில்லை. இரவும் பகலும் ஏழு நாள் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்தார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பிறகு வாயைத் திறந்தார்கள், காரணம் தேட ஆரம்பித்தார்கள், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்றார்கள். கடைசியில் யோபு, ‘நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்று சொல்லும்படி ஆயிற்று. உங்கள் சபை வாசலில் நின்ற அந்த இரண்டு பேருக்கு ஏழு நாள் பொறுமைகூட இல்லை.

ஐக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மீன்குழம்புத் தூக்கோடு வந்த அக்கா. அவர் வசனம் வாசிக்கவில்லை, மகனைப் பற்றிக் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதை நீங்கள் கடிதத்தில் இரண்டு மூன்று வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அதை மூன்று தடவை வாசித்தேன். பவுல் மக்கெதோனியாவில் வெளியே போராட்டம், உள்ளே பயம் என்று சரீரத்தில் இளைப்பாறுதல் இல்லாமல் இருந்தபோது, ‘சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்’ என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். பவுலுக்கே ஆறுதல் ஒரு மனுஷன் நடந்து வந்ததில்தான் கிடைத்தது. உங்களுக்கு அந்த அக்கா வந்ததில் கிடைத்தது.

பாவமா என்ற கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். அடிபட்ட இடத்திலிருந்து கொஞ்ச காலம் விலகி நிற்பது பாவம் அல்ல. ஆனால் எட்டு மாதம் யாரும் இல்லாமல் அந்த வீட்டுக்குள் இதைத் தனியாகச் சுமப்பது உங்களுக்கு ஆபத்து. யூடியூபில் பிரசங்கம் கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம். நீங்கள் அழுதால் அது திரும்பிப் பார்க்காது. அதனால்தான் போகச் சொல்கிறேன், பாவம் என்பதற்காக அல்ல. முழுச் சபைக்கும் ஒரே நாளில் திரும்பிப் போக வேண்டியதில்லை, அந்த ஒரு அக்காவிடம் போனால் இப்போதைக்குப் போதும்.

மகனைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. காலையிலேயே குடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு மதுவுக்குப் பழகிப்போனதன் அடையாளம் அது. பழக்கம் என்ற கட்டத்தைத் தாண்டி, வைத்தியம் வேண்டிய நோயாகிவிட்டது. இப்படிக் குடிக்கிறவர்களை உபவாசக் கூட்டத்தில் உட்காரவைத்து, ‘இன்றோடு நிறுத்திவிடு’ என்று கையில் அடித்து சத்தியம் வாங்குகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். உங்கள் மனசு தாங்கவில்லை என்றால் 14416, அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஜெபம் பண்ணுங்கள், கூடவே கூட்டிக்கொண்டும் போங்கள். மகன் வர மறுத்தால் நீங்கள் முதலில் போய் மருத்துவரிடம் பேசலாம், தடையில்லை.

உங்களுக்காகவே ஓர் இடமும் இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிமீட்புக் கூட்டங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியோடு போராடிய இரண்டு பேர் சந்தித்து, ஒருவருக்கொருவர் பேசி ஒருவரையொருவர் தாங்கியதில் தொடங்கியது. அந்த இருவருமே ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தில் இருந்தவர்கள். குற்றத்தை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவது என்ற யாக்கோபு நிருபத்துப் பழக்கத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கு 1951இல் அல் அனான் என்று தனிக் கூட்டம் வந்தது. ‘இதற்கு நான் காரணம் அல்ல, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணமாக்கவும் முடியாது’ என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். ‘கண்டித்து வளர்த்திருக்க வேண்டும்’ என்ற பேச்சுக்கு நீங்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் அது. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது கண்டிப்பான விதி. சபைக்குள் நாம் காப்பாற்றத் தவறிய ஒழுங்கை அந்தக் கூட்டங்கள் காப்பாற்றுகின்றன. எனக்கு இதில் வருத்தம் உண்டு, நன்றியும் உண்டு.

அந்த ஒழுங்கு நமக்கும் அந்நியம் அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது மெதடிஸ்ட் சபைகளும் அதில் சேர்ந்தன. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அவர்களுக்கு விட்டுப்போன சொத்து சிறு குழு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்து, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீட்டு வீடாகப் போய் வசூலிக்கத் தொடங்கினார். போன இடத்தில் வீடுகளின் நிலைமை கண்ணுக்குத் தெரிந்தது. காசு வாங்கப் போனது மெல்ல ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது. பன்னிரண்டு பேர் என்றால் யார் வரவில்லை என்று உடனே தெரியும். முந்நூறு குடும்பம் உள்ள சபையில் எட்டு மாதம் ஒருவர் வராமல் இருந்தாலும் தெரியாது, தெரிந்தாலும் ‘யாராவது பார்த்திருப்பார்கள்’ என்று விட்டுவிடுவோம்.

வாட்ஸ்அப்பில் போட்டவரை என்ன செய்வது? ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ குற்றத்தை உணர்த்து என்று மத்தேயு 18இல் இருக்கிறது. தெம்பு வந்த பிறகு அவர் வீட்டுக்கே போங்கள், போனில் வேண்டாம். “நான் வெளியே சொல்லாதீங்கன்னு கேட்டுத்தான் சொன்னேன். நீங்க குழுவுல போட்டதால என் பையன் சம்பந்தம் நின்னுபோச்சு. எனக்கு ரொம்ப வலிச்சுது” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், ‘நல்லதுக்குத்தானே செஞ்சேன்’ என்றும் சொல்லலாம். உடனே சமாதானம் ஆகிவிட வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தெம்பே வரவில்லை என்றால் இப்போது விட்டுவிடுங்கள்.

ஐயரிடமும் ஒரு காரியம் கேளுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவர் மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பு எடுப்பதற்கு முன் ஒரு விதி வைக்கச் சொல்லுங்கள்: சொன்னவர் அனுமதி இல்லாமல் பெயரோ விவரமோ அறைக்கு வெளியே போகக் கூடாது, போனில் எழுதக் கூடாது. இதை வாசிக்கிற ஆயர்மாரே, ஐயரம்மாமாரே, இது உங்களுக்கும்தான். இந்த ஒரு விதி இல்லாத சபையில் ஜனங்கள் தலைவலிக்கும் பரீட்சைக்கும் மட்டும்தான் ஜெபம் கேட்பார்கள், வீட்டுக்குள் எரிகிற நெருப்பைச் சொல்லவே மாட்டார்கள்.

நீங்கள் திரும்பிப் போகும் நாளுக்குத் திருவிருந்து ஞாயிறைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தோன்றுகிறது. நம் திருவிருந்து ஒழுங்கில் சமாதான வாழ்த்து என்று ஒரு பகுதி இருக்கிறது. கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்து, 1950இல் வந்த நம் வழிபாட்டு ஒழுங்கில் சேர்த்தார்கள். கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவருமே மற்றவரின் வலது கையைத் தங்கள் இடது கையால் மூட வேண்டும். பல சபைகளில் இப்போது தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அந்த அக்கா பக்கத்தில் உட்காருங்கள். அவர் கையை அந்தப் பழைய முறையில் பிடியுங்கள். ஆராதனை முடிந்ததும் வாசல் கூட்டத்தில் நிற்காமல் அவரோடு வீட்டுக்கு நடந்துவிடுங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பவுல் ரோமருக்கு எழுதும்போது, உங்களுக்கு நான் கொடுக்கிறேன் என்று தொடங்கி, உடனே திருத்திக்கொண்டு, உங்கள் விசுவாசத்தாலும் என் விசுவாசத்தாலும் உங்களோடேகூட நானும் ஆறுதலடைய வேண்டும் என்கிறார். உங்கள் சபையில் உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார் இருப்பார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். உங்களுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் பலர் வாயை மூடியிருப்பார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி உங்களைத் தேடி வருவாள். அன்றைக்கு என்ன பேசக் கூடாது என்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அதெல்லாம் பிற்பாடு. முதலில் இந்த வாரம், அந்தத் தூக்கைத் தேய்த்துக் கழுவி எடுத்து வையுங்கள். நம் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்களே. கொஞ்சம் சீனியோ, உங்கள் கையால் செய்த பணியாரமோ போட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.